ஒரே அதிரினலின் இதயத்தை முடுக்கி மூச்சுக்குழாயைத் தளர்த்துவது எப்படி? கல வாங்கிகள் பற்றிய ஓர் ஐயம்

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியலைத் தமிழ் மொழிமூலம் கற்கிறேன். கலங்களில் தூதுப் பொருள்கள் வந்து ஒட்டும் புரதங்களான வாங்கிகள் நான்கு வகைப்படும் என்று வகுப்பில் குறிப்புத் தந்திருக்கிறார்கள். அயன் கால்வாயாகவே அமைந்தவை, ஜீ புரதத்தோடு இணைந்தவை, நொதியத்தோடு இணைந்தவை, கலத்தின் உள்ளே இருப்பவை என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணத்தையும் சேர்த்து மனனம் செய்துவிட்டேன். ஆனால், உடலுக்கு ஏன் நான்கு வகை தேவைப்படுகிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

என்னைக் குழப்புவது அதிரினலின் என்னும் ஓமோன். அது சுரந்தால் இதயம் விரைந்து துடிக்கிறது, தோலின் குருதிக்கலன்கள் சுருங்குகின்றன, மூச்சுச் சிறுகுழாய்களோ தளர்ந்து விரிகின்றன. நரம்பு முனைகள் சுரக்கும் அசற்றைல்கோலினும் இப்படித்தான்: கை கால் தசைகளைச் சுருங்கச் செய்யும் அதே பொருள், இதயத் துடிப்பை மந்தமாக்குகிறது. ஒரே மூலக்கூறு எதிரெதிரான வேலைகளைச் செய்வது எவ்வாறு?

வீட்டிலும் இதைப் போன்ற ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்துமா உள்ள என் மாமா நீல நிற இன்ஹேலரை இழுத்தால் சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகிவிடுகிறது. ஆனால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். கபில நிற இன்ஹேலரை நாள்தோறும் பாவிக்கும்படி சொல்லியிருந்தும், இழுத்தவுடன் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று அதை விட்டுவிடுகிறார். அம்மம்மா எடுக்கும் புரொப்பிரனலோல் குளிசையை அவர் ஒருபோதும் எடுக்கக்கூடாது என்று கிளினிக்கில் எச்சரித்தார்களாம். இவை எல்லாவற்றுக்கும் வாங்கிகளோடு தொடர்பு இருக்கிறதா?


கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

மகள், நான்கு வகைகளையும் பெயர்ப் பட்டியலாகப் படிக்கும்வரை அவை குழப்பமாகவே இருக்கும். தூதுப் பொருள் வந்து ஒட்டிய பிறகு கலத்துக்குள் என்ன நடக்கிறது, அது நடந்து முடிய எவ்வளவு நேரம் செல்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு வகையிடமும் கேட்டுப் பாருங்கள்.

அசற்றைல்கோலினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வாங்கி என்ற எண்ணமே அங்கிருந்துதான் வந்தது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜோன் லாங்லி, 1905 இல், நரம்பை வெட்டி அது முற்றாக அழிந்துபோன பின்னரும் தசையில் நிக்கொட்டினைத் தடவினால் தசை சுருங்குவதையும், குராரே என்னும் அம்பு நஞ்சு அந்தச் சுருக்கத்தைத் தடுப்பதையும் கண்டார். நரம்பு இல்லாதபோதும் மருந்து வேலை செய்கிறதென்றால், அதைப் பற்றிக்கொள்ளும் பொருள் தசைக் கலத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. அந்தப் பொருளை யாரும் கண்ணால் காண்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, தர்க்கத்தால் மட்டும் அதன் இருப்பு நிலைநாட்டப்பட்டுவிட்டது.

லாங்லி கண்டது இன்று நிக்கொட்டினிக் வாங்கி எனப்படுகிறது. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை அமைக்கின்றன. இரண்டு அசற்றைல்கோலின் மூலக்கூறுகள் வந்து ஒட்டியதும் துளை திறக்கிறது, சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன, தசை சுருங்கத் தொடங்குகிறது. வாங்கியே கால்வாய் என்பதால் இடைத்தரகர் எவரும் இல்லை. முழு நிகழ்வும் மில்லிசெக்கன்களில் முடிகிறது. சாலையைக் கடக்கும்போது சட்டென்று பின்வாங்க வேண்டிய காலுக்கு இதைவிடத் தாமதமான ஏற்பாடு உதவாது.

இதயத்தில் இருப்பது வேறு வாங்கி. அது மஸ்கரினிக் வகை. கல மென்சவ்வை ஏழு முறை ஊடறுத்துச் செல்லும் ஒற்றைப் புரதச் சங்கிலி. அதற்குத் துளை கிடையாது. வெளியே அசற்றைல்கோலின் ஒட்டியதும் அதன் வடிவம் மாறி, மென்சவ்வின் உட்புறத்தில் காத்திருக்கும் ஜீ புரதத்தைத் தூண்டுகிறது. அப்புரதத்திலிருந்து பிரியும் ஒரு பகுதி, சற்றுத் தள்ளியுள்ள பொற்றாசியம் கால்வாயைத் திறக்கிறது. பொற்றாசியம் வெளியேற, துடிப்பைத் தொடக்கிவைக்கும் கலங்கள் தூண்டல் நிலையை அடையக் கூடுதல் நேரம் எடுக்கின்றன, துடிப்பு மந்தமாகிறது. 1921 இல் ஒட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனை இந்த மந்தமாதலைப் பற்றியதுதான். ஒன்றின் துடிப்பை மந்தமாக்கும் வேகசு நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றையதன்மேல் ஊற்றியபோது, நரம்பு தூண்டப்படாத அந்த இதயமும் மந்தமாகியது.

ஆகவே, செய்தியின் பொருள் தூதுப் பொருளில் எழுதப்பட்டிருக்கவில்லை. பாடசாலை மணி ஒன்றே. அதைக் கேட்டு ஒரு வகுப்பு மைதானத்துக்கு ஓடுகிறது, இன்னொரு வகுப்பு ஆய்வுகூடத்துக்குள் நுழைகிறது.

நம் நாட்டுக் கிராமப்புற வைத்தியசாலைகளில் இந்த வேறுபாட்டைக் கட்டிலருகே காணலாம். சேதனப் பொஸ்பரசுப் பூச்சிகொல்லிகள் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தை முடக்குவதால், அது உடலெங்கும் குவிகிறது. மஸ்கரினிக் வாங்கிகள் மிகையாகத் தூண்டப்பட்டு உமிழ்நீரும் சுவாசப்பைச் சுரப்பும் பெருகுகின்றன, கண்மணி சுருங்குகிறது, துடிப்புக் குறைகிறது. நிக்கொட்டினிக் வாங்கிகள் மிகையாகத் தூண்டப்பட்டுத் தசைகள் துடித்து, பின்னர் சோர்ந்து செயலிழக்கின்றன. அத்திரோபின் கொடுத்தால் முதலாவது தொகுதி அடங்கும், இரண்டாவது அடங்காது, ஏனெனில் அத்திரோபின் மஸ்கரினிக் வாங்கியை மட்டுமே அடைக்கிறது. சுரப்பு வற்றிய நோயாளிக்கும் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம் என்பதற்குக் காரணம் இதுவே.

இனி அதிரினலின். அதன் வாங்கிகள் எல்லாமே ஜீ புரத வகையைச் சேர்ந்தவை. அவற்றை அல்பா, பீற்றா என்று 1948 இல் முதலில் பிரித்தவர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். தோலின் குருதிக்கலன்களில் உள்ள அல்பா-1 வாங்கி கலத்துக்குள் கல்சியத்தைக் கூட்டுகிறது, அதனால் சுருக்கம் உண்டாகிறது. இதயத்தின் பீற்றா-1, மூச்சுச் சிறுகுழாயின் பீற்றா-2 ஆகிய இரண்டும் வட்ட ஏ.எம்.பி. என்னும் ஒரே இரண்டாம் தூதனையே, அதாவது வாங்கியின் செய்தியைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் சிறு மூலக்கூறையே, கூட்டுகின்றன. மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இது: வாங்கியும் ஏறத்தாழ ஒன்று, இரண்டாம் தூதனும் ஒன்று, விளைவு மட்டும் நேரெதிர். இதயத் தசையில் வட்ட ஏ.எம்.பி. தூண்டிவிடும் கைனேசு நொதியம் கல்சியக் கால்வாய்களுக்குப் பொஸ்பேற்றை ஏற்றி, உள்வரும் கல்சியத்தைப் பெருக்குகிறது. மூச்சுக்குழாயின் மழமழப்பான தசையில் அதே கைனேசு, சுருக்கத்தை நடத்தும் நொதியத்தின் வலுவைக் குறைக்கிறது. அந்தந்தக் கலத்தில் என்னென்ன புரதங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கின்றன என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.


மருந்தகத்து மேசை எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு, தங்கையின் மாமாவைப் பற்றிய பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். புறக்கோட்டைப் பக்கம் ஒரு மருந்தகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில், நீல இன்ஹேலரை மட்டும் வாங்கிக்கொண்டு கபில இன்ஹேலரை வேண்டாம் என்று சொல்பவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

நீல இன்ஹேலரில் இருப்பது சல்பியூட்டமோல். அது அதிரினலினைப் போலவே பீற்றா-2 வாங்கியில் ஒட்டி அதைத் தூண்டுகிறது. மூச்சுக்குழாய் தளர்வது அதனால்தான். ஆனால் பீற்றா-2 வாங்கிகள் வன்கூட்டுத் தசைகளிலும் இருப்பதால் கை நடுங்குகிறது. இதயத்தில் பீற்றா-1 மிகுதி என்றாலும் பீற்றா-2 வும் ஓரளவு உண்டு, அத்துடன் கூடிய அளவில் எடுக்கும்போது மருந்தின் தேர்வுத்திறன் தளர்ந்துவிடும் என்பதால் படபடப்பும் வருகிறது. பக்கவிளைவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதே வாங்கி வேறு இடத்தில் தன் வேலையைச் செய்வதுதான்.

புரொப்பிரனலோல் வாங்கியில் ஒட்டும், ஆனால் அதைத் தூண்டாது. இடத்தைப் பிடித்துக்கொண்டு அதிரினலினை வரவிடாமல் செய்கிறது. ஜேம்ஸ் பிளாக் 1960களில் இதை உருவாக்கியபோது அவருடைய நோக்கம், நெஞ்சு வலியுள்ளவர்களின் இதயத்தை அதிரினலினின் உந்துதலிலிருந்து காப்பது. 1988 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இம்மருந்து பீற்றா-1, பீற்றா-2 என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் சுருங்கிவிடக்கூடும் என்பது ஒன்று. அவசரத்தில் இழுக்கும் சல்பியூட்டமோலுக்கும் ஒட்ட இடம் கிடைக்காமல் போகும் என்பது அதைவிடக் கடுமையானது. இதே வகை மருந்துகளான அத்தினோலோல், பிசோபிரொலோல் போன்றவை பீற்றா-1 ஐ விரும்பி ஒட்டுபவை என்றாலும் அந்த விருப்பம் முழுமையானதன்று. கிளினிக்கில் சொன்ன எச்சரிக்கை முற்றிலும் சரியானது. ஒரே வீட்டில் இருவருடைய குளிசைகளும் ஒரே பெட்டியில் இருந்தால் அதைப் பிரித்து வையுங்கள்.

அம்மம்மாவுக்கும் ஒரு சொல். பீற்றா வாங்கிகள் நீண்ட காலம் அடைபட்டிருந்தால் கலங்கள் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கின்றன. குளிசையைத் திடீரென நிறுத்தினால், கூடிப்போன வாங்கிகள் அனைத்தையும் அதிரினலின் ஒரேயடியாகத் தாக்கும். துடிப்பு எகிறும், நெஞ்சு வலியும் வரலாம். நிறுத்துவதென்றால் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகவே நிறுத்த வேண்டும். சல்பியூட்டமோலை மட்டுமீறி இழுப்பவர்களிடம் இதன் மறுபக்கம் நடக்கிறது: ஓயாது தூண்டப்படும் வாங்கிகளுக்குக் கலம் பொஸ்பேற்றை ஏற்றி, அரெஸ்டின் என்னும் புரதத்தால் ஜீ புரதத்திலிருந்து துண்டித்து, உள்ளே இழுத்துவிடுகிறது.

தங்கைக்குத் தேர்வு நெருங்கிய இரவுகளில் பிளேன்டீ குடிக்கும் பழக்கம் இருந்தால், அதுவும் இதே கதை. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் சேரும் அடினோசின் தன் வாங்கிகளில் ஒட்டி உறக்கத்தை வரவழைக்கிறது. தேயிலையிலுள்ள கஃபேன் அந்த வாங்கிகளில் சும்மா உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை, அதன் செய்தி மட்டும் கேட்கப்படாமல் இருக்கிறது.


வெள்ளவத்தை மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. குளிசைப் பெட்டிகளை இன்றே பிரித்து வைத்துவிட்டேன். கபில இன்ஹேலர் ஏன் உடனே வேலை செய்வதில்லை என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. இன்சுலினும் ஓர் ஓமோன்தானே, அதற்கு மட்டும் ஜீ புரதம் இல்லாத வேறு வகை வாங்கி எதற்கு? நீரிழிவு என்பது இன்சுலின் வாங்கிகள் குறைந்துபோவதா?


உடற்றொழிலியல் விரிவுரையாளர் எழுதியது:

கபில இன்ஹேலரில் பொதுவாக இருப்பது பெக்லொமெதசோன் என்னும் ஸ்டீரொயிட். ஸ்டீரொயிட்கள் கொழுப்பில் கரைபவை ஆதலால் கல மென்சவ்வை நேரே ஊடுருவிச் செல்கின்றன. வாசலில் வாங்கி தேவையில்லை. அவற்றுக்கான வாங்கி குழியவுருவில், வேறு புரதங்களால் பிடித்து வைக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. ஸ்டீரொயிட் வந்து ஒட்டியதும் அது விடுபட்டுக் கருவுக்குள் சென்று, டீ.என்.ஏ. மீது அமர்ந்து, எந்தப் பரம்பரையலகு வாசிக்கப்பட வேண்டும், எது அடக்கப்பட வேண்டும் என்பதை மாற்றுகிறது. ஆர்.என்.ஏ. உருவாகி, அதிலிருந்து புரதம் உருவாகி, ஏற்கெனவே இருக்கும் அழற்சிப் புரதங்கள் தேய்ந்து குறைய வேண்டும்; மாமாவின் மூச்சுக்குழாய்ச் சுவரில் வீக்கம் அடங்குவதற்கு அதனால் நாட்கள் பிடிக்கும், முழுப் பயன் தெரிய வாரங்களும் ஆகலாம். நீல இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்துகிறதே தவிர, அது ஏன் இறுகியது என்பதைத் தொடுவதில்லை. உடனே ஒன்றும் தெரியவில்லை என்பது அந்த வாங்கியின் இயல்பு, மருந்தின் குறையன்று என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

இன்சுலின் வாங்கி நான்கு துண்டுகளால் ஆனது. இரண்டு அல்பாத் துண்டுகள் கலத்துக்கு வெளியே நின்று இன்சுலினைப் பற்றுகின்றன; இரண்டு பீற்றாத் துண்டுகள் மென்சவ்வைக் கடந்து உள்ளே நீண்டிருக்கின்றன, அவற்றின் உள்முனையே ஒரு நொதியம். இன்சுலின் ஒட்டியதும் அவை ஒன்றுக்கொன்று தைரோசின் என்னும் அமினோவமிலத்தில் பொஸ்பேற்றை ஏற்றிக்கொள்கின்றன. அந்தப் பொஸ்பேற்றுகள் ஒவ்வொன்றும் உள்ளேயுள்ள வேறு வேறு புரதங்கள் வந்து ஒட்டும் மேடையாகின்றன. இன்சுலினின் வேலை ஒன்றன்று: தசையிலும் கொழுப்பிழையத்திலும் உள்ளே ஒதுங்கியிருக்கும் குளுக்கோசுக் கடத்திகளை மென்சவ்வுக்குக் கொண்டுவர வேண்டும், ஈரலில் கிளைக்கோசன் சேமிக்கப்பட வேண்டும், கொழுப்பு உடைவது நிற்க வேண்டும், புரதத் தொகுப்பு நடக்க வேண்டும், வளர்ச்சிக்கான பரம்பரையலகுகளும் தூண்டப்பட வேண்டும். பல கிளைகளை ஒரே நேரத்தில் தொடக்கிவைத்து, நிமிடங்களிலிருந்து மணித்தியாலங்கள்வரை நடத்திச் செல்வதற்கு இந்த அமைப்பு ஏற்றது. வளர்ச்சிக் காரணிகள் பலவும் இதே வகை வாங்கியையே பாவிப்பதில் வியப்பில்லை. அவை கட்டுமீறும்போது புற்றுநோய் வருவதிலும் வியப்பில்லை.

நீரிழிவு பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. முதலாம் வகையில் வாங்கிகள் நலமாக இருக்கின்றன, இன்சுலின்தான் இல்லை. இரண்டாம் வகையில் குருதியில் இன்சுலின் நெடுங்காலம் கூடியிருப்பதால் வாங்கிகளின் எண்ணிக்கை ஓரளவு குறைவது உண்மை. ஆயினும் பெரிய கோளாறு வாங்கிக்குக் கீழே, செய்தியைக் கொண்டுசெல்லும் புரதங்களில் இருக்கிறது. இன்சுலின் ஒட்டுகிறது, கடத்திகள் போதுமான அளவில் மேலே வருவதில்லை. இதில் ஆறுதலான செய்தி, தசை சுருங்கும்போது அதே கடத்திகள் இன்சுலின் வாங்கியின் உதவியின்றியே, வேறு பாதையால் மென்சவ்வுக்கு வருகின்றன என்பது. மாலையில் காலிமுகத்திடலில் வேகமாக நடப்பவரின் கால் தசைகள் இன்சுலினைக் கேட்காமலே குளுக்கோசை எடுத்துக்கொள்கின்றன.

வாங்கியே நேரடியாகத் தாக்கப்படும் நோய்களும் உண்டு, அவற்றைச் சோடியாகப் படித்தால் மறக்காது. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோயில் உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகள் தசையின் நிக்கொட்டினிக் வாங்கியை அடைத்து அழிக்கின்றன. இமை தொங்குகிறது, உணவை மென்றுகொண்டிருக்கையில் தாடை சோர்கிறது. கிரேவ்ஸ் நோயிலோ பிறபொருளெதிரிகள் தைரொயிட் சுரப்பியின் வாங்கியில் ஓமோனைப் போலவே ஒட்டி அதைத் தூண்டுகின்றன. சுரப்பி கட்டுப்பாடின்றிச் சுரக்கிறது. இரண்டிலும் பிறபொருளெதிரி வாங்கியில்தான் ஒட்டுகிறது, விளைவு ஒன்றில் முடக்கம், மற்றையதில் மிகை.

பாம்புகளையும் சேர்த்துவிடுகிறேன், இலங்கையில் இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. நாகபாம்பின் நஞ்சு நிக்கொட்டினிக் வாங்கியை அடைக்கிறது. கட்டுவிரியனின் நஞ்சில் அதோடு நரம்பு முனையையே சிதைக்கும் கூறும் இருப்பதால், நஞ்செதிரி மருந்து கொடுத்த பின்னரும், முனைகள் மீண்டும் வளரும்வரை நோயாளி பல நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் இருக்க நேரிடலாம். தாய்வானில் வாழும் ஒரு கட்டுவிரியன் இனத்தின் நஞ்சு வாங்கியைவிட்டு விலகாமல் ஒட்டும் தன்மை கொண்டது; 1970களில் நிக்கொட்டினிக் வாங்கியைப் பிரித்தெடுத்து ஆராய முடிந்ததற்கு அந்த நஞ்சே பெருமளவு காரணம்.


கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

விரிவுரையாளர் எழுதியவற்றோடு உடன்படுகிறேன். வகைகளை நேரத்தோடு சேர்த்துப் படிக்கும் முறை வினாத்தாளுக்குப் பெரிதும் உதவும். அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதிருக்க, விதிக்கு அடங்காத இரண்டு உதாரணங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மகள்.

ஜீ புரத வகை கால்வாய் வகையைவிடத் தாமதமானது என்போம். ஆனால் நம் பார்வை நடப்பதே ஜீ புரத வாங்கியால்தான். விழித்திரையின் கோல் கலங்களில் உள்ள உரொடொப்சின் என்னும் வாங்கி ஓர் ஒளித்துகளை ஏற்றாலே ஏராளமான ஜீ புரதங்களைத் தூண்டிவிடுகிறது, அவை நொதியங்களைத் தூண்டி, வட்ட ஜீ.எம்.பி. என்னும் இன்னோர் இரண்டாம் தூதன் குறைந்து, கால்வாய்கள் மூடுகின்றன. எல்லாம் ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள். படிகள் கூடுவதால் வேகம் சற்றுக் குறைந்தாலும், ஒவ்வொரு படியிலும் செய்தி பெருகுவதால் இருளில் ஒற்றை ஒளித்துகளைக்கூடக் கலத்தால் உணர முடிகிறது. மனிதரிடம் ஏறத்தாழ 800 ஜீ புரத வாங்கிகள் உள்ளன, அவற்றுள் பாதியளவு மணத்தை உணர்வதற்கானவை. பாவனையிலுள்ள மருந்துகளில் மூன்றிலொரு பங்கு இந்த ஒரு குடும்பத்தையே குறிவைப்பதும் இதனோடு சேர்த்து நினைவில் கொள்ளத்தக்கது.

மற்றையது, கலத்தின் உள்ளே இருக்கும் வாங்கி என்றால் மணித்தியாலக் கணக்கு என்ற எண்ணம். நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு மென்சவ்வைத் தடையின்றிக் கடந்து, குழியவுருவிலுள்ள குவனிலேற்று சைக்கிளேசு என்னும் நொதியத்தில் ஒட்டுகிறது. அந்நொதியமே அதன் வாங்கி. கருவுக்குப் போகவேண்டிய தேவையில்லை. வட்ட ஜீ.எம்.பி. கூடி, குருதிக்கலனின் மழமழப்பான தசை தளர்கிறது. நெஞ்சு வலி வந்தவர் நாக்கின் கீழ் வைக்கும் கிளிசரைல் டிரைநைத்திரேற்றுக் குளிசை சில நிமிடங்களிலேயே வேலை செய்வது இதனால்தான். பகுதி வினாவில் இரண்டு வரிக்கு இடமிருந்தால், உள்ளே உள்ள வாங்கிகளைக் கருவில் செயற்படுபவை, குழியவுருவில் நொதியமாகவே செயற்படுபவை என்று பிரித்து எழுதுங்கள்.